ரெட்டைப் பசங்க, ஒரே டிஎன்ஏ, ரிப்போர்ட் மட்டும் வேற வேற: குணம் ஜீன்ல இருக்கா இல்லையா?

கோவை_மீனா:
எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குதான் முதல் தடவையா இழை ஆரம்பிக்கறேன், கொஞ்சம் நீளமா இருக்கும்.

எனக்கு ரெட்டைப் பசங்க, ஆறு வயசு, இப்போதான் ஒண்ணாவது போறாங்க. பெரியவன் (அஞ்சு நிமிஷம் பெரியவன்) கேட் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் தொறப்பான், சிலிண்டர் போட வர்ற அண்ணன் பேரு, அவர் பொண்ணு எந்த காலேஜ் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. சின்னவன் அதே சத்தத்துக்கு கிரைண்டர் பின்னாடி போய் உக்காந்துக்குவான், வந்தவங்க போனதுக்கப்புறம் மெதுவா வந்து "அந்த அண்ணன் சட்டையில மூணாவது பட்டன் இல்லம்மா"ன்னு சொல்லுவான். எல்லாத்தையும் பாத்திருப்பான், பேச மட்டும் மாட்டான்.

ஸ்கூல்ல டிஎம்ஐடி டெஸ்ட்னு ஒரு கேம்ப் போட்டாங்க. பத்து விரலையும் ஸ்கேன் பண்ணி "பிறவிக் குணம்" சொல்லுவாங்களாம், மரபணு அடிப்படையிலானதுன்னு நோட்டீஸ்லயே போட்டிருந்தாங்க. ஒரு பையனுக்கு 4,500 ரூபா, ரெண்டு பேருக்கும் கட்டினேன். பெரியவனுக்கு தலைமைப் பண்பு, மேடைத் திறமைன்னு வந்திருக்கு. சின்னவனுக்கு "தனிமை விரும்பி, மேடைக்கு ஏற்றவர் அல்ல"ன்னு வந்திருக்கு. அதோட போயிருந்தா பரவால்ல. போன வாரம் ஆண்டு விழா டான்ஸ் லிஸ்ட்ல சின்னவன் பேரு இல்ல. மிஸ்கிட்ட கேட்டா "ரிப்போர்ட்ல அப்படி வந்திருக்கே மேடம், அவனை எதுக்கு கஷ்டப்படுத்தணும்"ங்கறாங்க. அவன் வீட்ல அண்ணன்கூட சேர்ந்து தினமும் அந்த டான்ஸை ஆடிட்டு இருக்கான்.

குணம் ஜீன்லதான் இருக்கா? அப்படின்னா நான் என்ன பண்ண முடியும்?

செந்தில்_உயிரியல்:
மீனா மேடம், நான் காலேஜ்ல மரபியல் எடுக்கறேன். பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. ரெண்டு பேரும் ஒரே கருவுல பொறந்தவங்களா, இல்ல தனித்தனி கருவா? ஸ்கேன்ல ஏதாவது சொன்னாங்களா?

கோவை_மீனா:
ஒரே கருதாங்க சார். மூணாவது மாச ஸ்கேன்லயே டாக்டர் ஒரே நஞ்சுக்கொடி, ரெண்டு பைன்னு சொன்னாங்க. இப்பவும் என் மாமியாருக்கே ஆள் மாறிப் போகும், காதுக்குப் பின்னாடி இருக்கற மச்சத்தப் பாத்துதான் பேரு சொல்லுவாங்க.

செந்தில்_உயிரியல்:
அப்போ அந்த ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க மேடம், உங்க கேள்விக்கு பாதி பதில் அங்கேயே கிடைச்சிடும். ஒரே கருவுல பொறந்த ரெட்டையருக்கு டிஎன்ஏ கிட்டத்தட்ட முழுக்க முழுக்க ஒண்ணுதான். டெஸ்ட் நிஜமாவே மரபணுவைப் படிச்சிருந்தா ரெண்டு ரிப்போர்ட்டும் ஒரே மாதிரி வந்திருக்கணும். ஏன் வரல? ஏன்னா அது படிச்சது ரேகைய. ஒரே கரு ரெட்டையருக்கும் கைரேகை ஒண்ணா இருக்காது. கரு வயித்துல இருக்கும்போது மூணாவது மாசத்துல இருந்து விரல் நுனியில அந்தக் கோடுகள் உருவாக ஆரம்பிக்கும், விரல் எப்படி வளருது, தண்ணிக்குள்ள எந்தப் பக்கமா அழுத்தம் படுதுன்னு சின்னச் சின்ன விஷயத்துல கோடு மாறிடும். மொத்த வடிவத்துல மரபுக்குப் பங்கு உண்டு, ஆனா ரேகைக்கும் கூச்சத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இந்திய மனநல மருத்துவர் சங்கமே இந்த டெஸ்டுக்கு அறிவியல் ஆதாரம் இல்லன்னு வெளிப்படையா சொல்லியிருக்கு. ஆறு வயசுப் பையனை இதை வெச்சு டான்ஸ்ல இருந்து எடுத்தது அநியாயம், எனக்கு படிக்கும்போதே வயித்தெரிச்சலா இருக்கு.

வாத்தியார்54:
33 வருஷம் ஆரம்பப் பள்ளியில வேலை பார்த்தவன் நான். குணம் எல்லாம் வளர்ப்புதான் அம்மா. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமான்னு பெரியவங்க சும்மா சொல்லல. வாயே தெறக்காத பிள்ளைங்க எத்தனையோ பேரை நான் இலக்கிய மன்றத்துல பேச வெச்சிருக்கேன். ஜீன், அது இதுன்னு சொல்லி பிள்ளைய முன்கூட்டியே முத்திரை குத்தற வேலை இது. செந்தில் தம்பி, நீங்களும் அதைத்தான சொல்றீங்க?

காங்கேயம்_ரவி:
வாத்தியார் ஐயா மன்னிக்கோணுங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்லீங்க. நாங்க மூணு தலைமுறையா மாடு வெச்சிருக்கறம். சாதுவான காளைக்குப் பொறந்த கன்னு பெரும்பாலும் சாதுவாத்தான் இருக்கும், முட்டற காளைக்குப் பொறந்தது கட்டுத்தறியிலயே திமிறும், ரெண்டையும் ஒரே ஆள்தான் தண்ணி காட்டி தீவனம் போடறது. தாயைப் போல பிள்ளை நூலைப் போல சேலைன்னும் பெரியவங்கதானுங்க சொல்லி வெச்சாங்க.

செந்தில்_உயிரியல்:
ஐயா, நான் ரவி சொல்றதுலயும் நியாயம் இருக்குன்னு சொல்லப் போறேன், கோச்சுக்காதீங்க. ரேகை டெஸ்ட் பொய்யின்னா குணத்துக்கும் ஜீனுக்கும் சம்பந்தமே இல்லன்னு ஆகிடாது.

ரவி சொன்ன காளை மாதிரியே நரியில பண்ணிப் பாத்திருக்காங்க. சைபீரியாவுல நோவோசிபிர்ஸ்க்ல திமித்ரி பெல்யாயெவ்னு ஒரு விஞ்ஞானி, 1959ல ரோமத்துக்காகப் பண்ணையில வளர்க்கற வெள்ளி நரிகளை எடுத்து ஆரம்பிச்சார். கூண்டுகிட்ட மனுஷன் போகும்போது எது சீறாம கடிக்காம நிக்குதோ அதை மட்டும் அடுத்த தலைமுறைக்கு இனப்பெருக்கம் பண்ண விட்டாங்க. பழக்கி விட்ட எஃபெக்ட் கலந்துடக் கூடாதுன்னு குட்டிகளை யாரும் கொஞ்சிப் பழக்கறதும் கிடையாது. நாலஞ்சு தலைமுறைக்குள்ள ஆளைப் பாத்து வாலாட்டற குட்டி பொறக்க ஆரம்பிச்சிடுச்சு. அவர் 1985ல போய்ச் சேர்ந்துட்டார், லுத்மிலா த்ரூத்னு அவர்கூட ஆரம்பத்துல இருந்தே வேலை பார்த்த அம்மா தொடர்ந்து நடத்தினாங்க.

மனுஷங்கள்ல அப்படி எல்லாம் பண்ண முடியாது, கூடாது. அதனாலதான் ரெட்டையர் ஆய்வு. பொறந்த உடனே பிரிஞ்சு வேற வேற வீட்ல வளர்ந்த ரெட்டையரைத் தேடிப் பிடிச்சு, அமெரிக்காவுல மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல தாமஸ் பூசார்டுன்னு ஒருத்தர் 1979ல ஆரம்பிச்சார். ஆரம்பமே ஜிம் லூயிஸ், ஜிம் ஸ்பிரிங்கர்னு ரெண்டு பேர். நாலு வாரக் குழந்தையா இருக்கும்போது பிரிஞ்சு, 39 வயசுல சந்திச்சுக்கறாங்க. ரெண்டு பேருக்கும் முதல் மனைவி பேரு லிண்டா, ரெண்டாவது மனைவி பேரு பெட்டி, சின்ன வயசுல வளர்த்த நாய் பேரு டாய். பேப்பர்காரங்களுக்கு கொண்டாட்டம். ஆனா நாய்க்கு என்ன பேரு வைக்கணும்னு ஜீன்ல எழுதியிருக்காதுங்க, இந்த மாதிரி ஒற்றுமை உள்ள ஜோடிதான் செய்தியில வரும், அவ்ளோதான். நான் முக்கியமா நினைக்கறது அவங்க 1990ல சயின்ஸ் இதழ்ல போட்ட கணக்கு. குணத்தைப் பத்தின கேள்வித்தாள்ல, தனித்தனியா வளர்ந்த ஒரே கரு ரெட்டையருக்கு நடுவுல இருக்கற ஒற்றுமை கிட்டத்தட்ட 0.5 (0ன்னா ஒற்றுமையே இல்ல, 1ன்னா அப்படியே ஒத்துப்போகுது). ஒரே வீட்ல ஒண்ணா வளர்ந்தவங்களுக்கும் கிட்டத்தட்ட அதே 0.5. ஒண்ணா வளர்ந்ததால கூடுதலா ஒத்துப்போகல! எனக்கு காலேஜ்ல இதை முதல் தடவை படிச்சப்போ ரெண்டு நாள் தூக்கமே வரல.

வாத்தியார்54:
அப்படியா? இது நான் எதிர்பார்க்காத விஷயம்தான் தம்பி, யோசிக்க வைக்குது. ஆனா ஒரு சந்தேகம். அப்போ என் மகனுக்கு இருக்கற கோபத்துல பாதி என்கிட்ட இருந்து போனது, மீதி பாதி வளர்ப்புன்னு அர்த்தமா?

செந்தில்_உயிரியல்:
இல்லீங்க ஐயா, எல்லாரும் தடுக்கி விழற இடம் இதுதான், எங்க ஸ்டூடண்ட்ஸும் பரிட்சையில இப்படித்தான் எழுதுவாங்க. ஒரு தோசையை எடுத்து இதுல மாவு எத்தனை சதவீதம், சூடு எத்தனை சதவீதம்னு கேக்க முடியுமா? மாவு இல்லாமலும் தோசை இல்ல, சூடு இல்லாமலும் தோசை இல்ல. ஆனா "இந்த இருபது தோசை ஏன் ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமா இருக்கு"ன்னு கேக்கலாம். ஒரே பாத்திர மாவுன்னா வித்தியாசம் முழுக்க அடுப்பால வந்தது. அடுப்பு ஒரே மாதிரி எரிஞ்சு மாவு மட்டும் அஞ்சாறு வீட்ல இருந்து வந்திருந்தா வித்தியாசம் முழுக்க மாவால வந்தது. ஹெரிட்டபிலிட்டின்னு சொல்றது இந்த "ஏன் வித்தியாசமா இருக்கு"ங்கற மாதிரி கேள்விக்குப் பதில். ஒரு கூட்டத்துல ஆளுக்கு ஆள் இருக்கற வித்தியாசத்துல எவ்வளவு ஜீன் வித்தியாசத்தோட சேர்ந்து போகுதுங்கறதுதான் அது. தனி ஒரு மனுஷனைப் பத்தி அந்த நம்பர் வாயே தெறக்காது. 2015ல பல ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்த ஒரு கணக்குல குணங்களுக்கு சராசரி 40 சதவீதம்னு வந்தது, ரெட்டையர் ஆய்வை மட்டும் எடுத்தா 47, குடும்பம், தத்து ஆய்வை மட்டும் எடுத்தா 22. எப்படி அளக்கறோம்ங்கறதைப் பொறுத்தே நம்பர் இவ்ளோ ஆடுது பாருங்க.

மழைச்சாரல்:
இதைப் படிச்சதுல இருந்து எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சிட்டு இருந்தேன். எங்க அப்பாவுக்கு பதட்டம் ஜாஸ்தி, கேஸ் ஆஃப் பண்ணோமான்னு பஸ் ஸ்டாண்டுல இருந்து திரும்ப வந்து பாப்பார், எனக்கும் அப்படியே, ஆஃபீஸ்ல ஒரு மெயில் அனுப்பிட்டு ராத்திரி பூரா தூங்காம அதையே நெனச்சிட்டு இருப்பேன், இப்போ என் பொண்ணு எட்டு வயசு, பரிட்சைக்கு முன்னாடி வாந்தி எடுக்கறா. போன வருஷம் எச்சில் அனுப்பி டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தேன், அந்த டேட்டாவை இன்னொரு சைட்ல ஏத்தினா "செரட்டோனின் ஜீன்ல குட்டை வடிவம், மன அழுத்த ஆபத்து அதிகம்"னு வந்துச்சு, அன்னைல இருந்து பொண்ணு முகத்தைப் பாக்கும்போதெல்லாம் நான்தான் இதைக் கொடுத்துட்டேன்னு தோணுது சார். இது உண்மையா?

செந்தில்_உயிரியல்:
சகோதரி, முதல்ல அந்த ரிப்போர்ட்டை மூடி வைங்க. அந்த ஜீனோட முழுக் கதையும் சொல்றேன், நீங்க அவசியம் தெரிஞ்சுக்கணும்.

1996ல லெஷ்னு ஒரு ஜெர்மன் டாக்டரும் அவர்கூட இருந்தவங்களும் 505 பேரைப் பாத்துட்டு, செரட்டோனினை (மூளையில நரம்பு செல்களுக்கு நடுவுல சேதி கொண்டு போற ரசாயனம்) செல்லுக்குள்ள திரும்ப இழுக்கற ஜீன்ல குட்டை வடிவம் இருக்கறவங்களுக்கு பதட்ட குணம் கொஞ்சம் ஜாஸ்தின்னு சொன்னாங்க. அவங்களே மொத்த வித்தியாசத்துல 3, 4 சதவீதம்தான்னு சொன்னாங்க. அப்புறம் 2003ல நியூசிலாந்து டுனிடின் ஊர்ல பொறந்ததுல இருந்து கவனிச்சிட்டு வந்தவங்கள்ல 847 பேரை வெச்சு, குட்டை வடிவம் இருந்து வாழ்க்கையில அடியும் பட்டா டிப்ரஷன் வர வாய்ப்பு அதிகம்னு ஒரு ஆய்வு. உலகம் பூரா பாடப் புத்தகத்துல ஏறிடுச்சு. நானே ஆறு வருஷம் அதை கரும்பலகையில படம் போட்டு நடத்தியிருக்கேன்.

2009ல 14 ஆய்வு, 14,250 பேரைச் சேர்த்துப் பாத்தாங்க. அந்த ஜீனுக்குத் தொடர்பு தெரியல, வாழ்க்கையில பட்ட அடிக்கு மட்டும் தெளிவா தொடர்பு இருந்தது. 2019ல இன்னும் பெருசு. டிப்ரஷனுக்குக் காரணம்னு அதுவரைக்கும் அதிகமா ஆராயப்பட்ட 18 ஜீன்களை எடுத்து, சில கணக்குல நாலு லட்சத்துக்கும் மேல ஆளுங்க. குருட்டாம்போக்குல பொறுக்கி எடுத்த ஜீன்களை விட அந்தப் பதினெட்டும் ஒண்ணும் பெருசா சாதிக்கல. உங்க ஜீனும் அந்தப் பதினெட்டுல ஒண்ணு. அந்த வருஷமே என் நோட்ஸ்ல அந்தப் பக்கத்தைக் கிழிச்சேன். உங்களுக்கு ரிப்போர்ட் கொடுத்த சைட் இன்னும் கிழிக்கல.

பதட்டம் குடும்பத்துல ஓடுதுங்கறது உண்மைதான். ஆனா எப்படி ஓடுது? 2018ல 4,49,484 பேர் டிஎன்ஏவைப் பாத்து, பதட்ட குணத்தோட சேர்ந்து போற 136 இடங்களைக் கண்டுபிடிச்சாங்க. ஒவ்வொண்ணோட தாக்கமும் ஒரு துளி. இன்னும் கண்டுபிடிக்காதது ஆயிரக்கணக்குல இருக்கும். அத்தனை துளியும் உங்ககிட்ட, உங்க வீட்டுக்காரர்கிட்ட, எல்லார்கிட்டயும் கலந்து கிடக்கு. நீங்க ஏதோ ஒரு கெட்ட ஜீனைப் பொண்ணு கையில எடுத்துக் கொடுக்கல. இன்னொண்ணு, சிகிச்சையால குணம் மாறுதான்னு 207 ஆய்வுகளைச் சேர்த்து 2017ல பாத்தாங்க. மாறுது, அதுவும் ரொம்ப நல்லா மாறினது இந்தப் பதட்டம், மனசு நிலையா இருக்கறது சம்பந்தப்பட்டதுதான். பொண்ணை ஒரு நல்ல குழந்தைகள் மனநல ஆலோசகர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, வாந்தி எடுக்கற அளவுக்கு விட வேண்டாம்.

மழைச்சாரல்:
தேங்க்ஸ் சார். அழுதுட்டேன். வேற என்ன எழுதறதுன்னு தெரியல. திங்கக்கிழமை அப்பாயின்மெண்ட் வாங்கறேன்.

கேள்வி_குமார்:
செந்தில் அண்ணா ரெண்டு கேள்வி. ஒரே ஜீன் குணத்தை மாத்தின கேஸ் உலகத்துலயே இல்லையா, ஏதோ போர்வீரன் ஜீன்னு படிச்சேனே? ரெண்டாவது, குணம் மரபுல வருதுன்னா எங்க பெரியப்பா சொல்ற மாதிரி குலம் கோத்திரம் பாத்துப் பொண்ணு எடுக்கறது சரின்னு ஆகிடாதா?

செந்தில்_உயிரியல்:
முதல் கேள்விக்கு சுருக்கமா: இருக்கு, ரொம்ப அபூர்வமா. 1993ல நெதர்லாந்துல ஒரு குடும்பம், எம்ஏஓஏங்கற ஜீன் அடியோட வேலை செய்யல, அந்த வீட்டு ஆம்பளைங்க சிலருக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடும் திடீர் ஆவேசமும் இருந்துச்சு. ஆனா போர்வீரன் ஜீன்னு சொல்றது அது இல்ல. அதே ஜீன் கொஞ்சம் கம்மியா வேலை செய்யற சாதாரண வடிவம், கோடிக்கணக்கான சாதுவான ஆளுங்ககிட்ட இருக்கு.

ரெண்டாவது கேள்விக்கு இல்ல, இல்லவே இல்ல. ஒரு அப்பா தன்னோட 23 ஜோடி குரோமோசோம்ல ஜோடிக்கு ஒண்ணா எடுத்துக் கொடுக்கறதுலயே சுமார் 84 லட்சம் விதம் இருக்கு, அம்மாகிட்டயும் அதே 84 லட்சம், அதுக்கு மேல குரோமோசோமுக்குள்ளயே துண்டு மாறிக்கறது வேற. கூடப் பொறந்த அண்ணன் தம்பி குணமே கிழக்கும் மேற்குமா போறதுக்கு இது போதும், இதுல குலத்தைப் பாத்து என்ன கண்டுபிடிக்கப் போறோம்? ஹெரிட்டபிலிட்டி ஒரு கூட்டத்துக்கு உள்ள இருக்கற வித்தியாசத்தைப் பத்தினது, ரெண்டு கூட்டத்தை ஒப்பிட அதை எடுத்துக்கவே முடியாது. ஒரே மூட்டை விதையைக் கடைமடையில ஒரு கை, வாய்க்கால் ஓரமா ஒரு கை போட்டா, ஒவ்வொரு வயலுக்குள்ளயும் உள்ள உயர வித்தியாசம் விதையால இருக்கலாம், ஆனா வயலுக்கு வயல் உள்ள வித்தியாசம் தண்ணியால. இதைத் தெரிஞ்சோ தெரியாமலோ சாதிக்கு முட்டுக் கொடுக்கறவங்க யாரா இருந்தாலும் நான் எதிர்த்துதான் பேசுவேன்.

வானதி_திருச்சி:
வணக்கம். நாங்க பொண்ணைத் தத்தெடுத்து ஒன்பது வருஷம் ஆச்சு. அவ ஒரு தட்டை உடைச்சாக்கூட எங்க சித்தி "யார் ரத்தமோ என்னமோ"ன்னு அவ காது படவே சொல்றாங்க. நானும் அவரும் அமைதியான ஆளுங்க, இவ வாய் ஓயாது, மொட்டை மாடியில நின்னு பக்கத்துத் தெரு பசங்களோட சண்டை போடுவா. ஒரே வீட்ல வளர்ந்தாலும் ஒத்துப்போகறது கூடலன்னு நீங்க எழுதினதைப் படிச்சு பக்குனு ஆயிடுச்சு. அப்போ நாங்க வளர்க்கறதுக்கு அர்த்தமே இல்லையா?

செந்தில்_உயிரியல்:
அக்கா, அர்த்தம் இருக்கு, நெறைய இருக்கு. வீடு பிள்ளைங்களை ஒரே அச்சுல வார்க்கறதில்லங்கறதுதான் அந்த ஆய்வு சொல்றது. வீடு பிள்ளையை ஒண்ணும் பண்றதில்லன்னு அது சொல்லல. ஒரே அதட்டல் ஒருத்தனுக்கு வீம்பா மாறும், இன்னொருத்தனுக்கு பயமா மாறும், கணக்குல இது "வீட்டுத் தாக்கம்"னு பதிவாகாது, ஏன்னா ரெண்டு பேரும் வேற வேற திசையில போயிட்டாங்க. அது மட்டும் இல்ல, ரெட்டையர் ஆய்வுக்கும் தத்து ஆய்வுக்கும் வர்றதெல்லாம் பெரும்பாலும் ஓரளவு நல்லா இருக்கற வீடுங்க. பசி, அடி, யாரும் சீண்டாம விட்டது, இதெல்லாம் ஒரு குழந்தையை என்ன பண்ணும்ங்கறது அந்தக் கணக்குக்குள்ளயே வரல. உங்க பொண்ணு வாயாடியா இருக்கறது அவ பொறப்போட வந்ததா இருக்கலாம். அந்த வாயை வெச்சு அவ சண்டை போடறாளா, பட்டிமன்றத்துல பேசறாளா, யார்கிட்ட போய் அழறா, இதுல எல்லாம் நீங்க இருக்கீங்க. சித்திகிட்ட நேரா சொல்லிடுங்க, அவ காது படப் பேசறது இனி வேண்டாம்னு.

வாத்தியார்54:
வானதி அம்மா, என் வகுப்புல உங்க பொண்ணு மாதிரி ஒருத்தி இருந்தா. அவளை மானிட்டர் ஆக்கினேன். அடுத்த வாரத்துல இருந்து சண்டையைத் தீர்த்து வைக்கறதே அவதான்.

கோவை_மீனா:
எல்லாத்தையும் படிச்சேன் சார், வீட்டுக்காரருக்கும் படிச்சுக் காட்டினேன். ஒண்ணு மட்டும் புரியல. வானதி அக்கா பொண்ணு வேற ஜீன், சரி. எங்க ரெண்டு பேரும் ஒரே ஜீன், ஒரே வீடு, ஒரே தட்டுல சாப்பாடு. பின்ன எப்படி ஒருத்தன் கேட்டுக்கிட்டயும் ஒருத்தன் கிரைண்டர் பின்னாடியும்?

செந்தில்_உயிரியல்:
இந்தத் துறையில இருக்கற நிஜமான புதிரே அதுதான் மேடம். ஒற்றுமை 0.5ன்னு சொன்னேனே, அது 1 இல்லையே. மிச்சத்துக்கு ஜீனும் காரணம் இல்ல, பொதுவான வீடும் காரணம் இல்ல.

ஜெர்மனியில 2013ல ஒரு ஆய்வு பண்ணாங்க. ஜீன்ல ஒரே மாதிரி இருக்கற 40 எலிகளை அஞ்சு தளம் வெச்ச ஒரு பெரிய கூண்டுல மூணு மாசம் விட்டாங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு சின்ன சிப் வெச்சு எங்க போகுதுன்னு பதிவு பண்ணாங்க. ஆரம்பத்துல எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. நாள் போகப் போக சிலது மூலை முடுக்கெல்லாம் சுத்த ஆரம்பிச்சுது, சிலது ஒரே இடத்துல ஒடுங்கிடுச்சு. அதிகமா சுத்தினதுக்கு மூளையில நினைவு சம்பந்தப்பட்ட பகுதியில புது நரம்பு செல்லும் அதிகமா உருவாகியிருந்துச்சு. ஆரம்பத்துல இருந்த இத்தனூண்டு வித்தியாசம் தானே தன்னை வளர்த்துக்கிட்ட மாதிரி.

சாங், எங்னு 1811ல சயாம்ல பொறந்த ஒட்டிப் பொறந்த ரெட்டையர் கதையும் அப்படித்தான். நெஞ்சோட நெஞ்சு ஒட்டியே 62 வருஷம் வாழ்ந்தாங்க, அதுக்கு மேல ஒரே சூழல்னு எதைச் சொல்றது? சாங் குடிப்பார், முன்கோபி. எங் குடிக்க மாட்டார், நிதானமானவர்.

உங்க வீட்லயும் ஒரு நாள் பெரியவன் முதல்ல கேட்டைத் தொறந்திருப்பான், எல்லாரும் "பேசற பையன்"னு கன்னத்தைக் கிள்ளியிருப்பாங்க, அடுத்த தடவை அந்த வேலை அவனுக்கே போயிருக்கும். சின்னவன் பாக்கற வேலையை எடுத்துக்கிட்டான். நிரூபிக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல, என் ஊகம். அதனாலதான் அந்த டான்ஸ் லிஸ்ட் எனக்கு இவ்ளோ உறுத்துது, ஆறு வயசுல இருக்கற சின்ன வித்தியாசத்தை ஸ்கூலே பெரிசாக்கறாங்க. பிரின்சிபாலுக்கு எழுதுங்க. ரெண்டு ரிப்போர்ட்டையும் இணைச்சு, இப்படி ஒரு வரி சேருங்க: "இவர்கள் ஒரே கருவில் பிறந்த இரட்டையர்கள், இருவரின் மரபணுவும் ஒன்றே, மரபணு அடிப்படையிலான சோதனை என்றால் இரண்டு அறிக்கைகளும் எப்படி வேறுபட்டன என்று விளக்கவும்."

கோவை_மீனா:
அப்டேட். லெட்டர் கொடுத்துட்டேன், இன்னும் நாலு அம்மாக்களும் கையெழுத்துப் போட்டாங்க. பிரின்சிபால் அந்த வரியை ரெண்டு தடவை படிச்சாங்க, பதில் ஒண்ணும் சொல்லல, கேம்ப் காரங்ககிட்ட கேக்கறேன்னு மட்டும் சொன்னாங்க. பணம் வருமான்னு தெரியல. ஆனா மிஸ் சின்னவனைக் கூப்பிட்டு "டான்ஸ் ஆடறியா"ன்னு நேராவே கேட்டிருக்காங்க, இத்தனை நாள் அவன்கிட்ட யாருமே கேக்கல சார், நானும் சேர்த்துத்தான். அவன் "ஆடறேன், ஆனா லிப்ஸ்டிக் போட மாட்டேன்"னு சொல்லியிருக்கான். போன வருஷம் விழாவுல மேக்கப் போடும்போது அழுதானே, அது மேடைக்கு பயந்து இல்லையாம், அந்த வாசனை பிடிக்கலையாம்.

ரெண்டாவது வரிசையில நிக்கறான். ஞாயித்துக்கிழமை ரிகர்சல்.